வலது மூலையில் கறுப்பு டேப்

சொஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
பதினேழாம் ஷெட்.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்த ராத்திரியில்
ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையிலிருந்து
டேப்பை உரித்தேன்.

மூன்று வருடமாக இருந்ததாம்.
எனக்கு முன் இந்த மேசையில் வேலை பார்த்த ரொடெல்
மணிலாவுக்கு விமானம் ஏறுமுன் சொன்னான்:
கண்டுக்காதே சிஸ்டர், அது சும்மா வரும்.
காய்ந்த பசை, கோடு கோடாய்த் தூசி,
அடியில் மஞ்சளில் இரண்டு வரி.

அளவு நம்பத்தக்கதல்ல.
மட்டம் குலைந்தது.

மேசையில் கிடப்பது இழுவைப் படகு ரேடியோவின் ஃபில்டர்.
செம்புக் குடுவை நான்கு, இறுக்கிய திருகுகள்.
விடிகாலை ஐந்துக்கு வருவார் கல்ஃபான் அல் மக்பாலி.
அவருக்கு வேண்டியது ஒரு தாள்.
தாளின் எந்த மூலையும்
மஞ்சளாக இருக்கக் கூடாது.

முதல் வரியோடு உட்கார்ந்தேன்.
எங்கிருந்தோ வரும் அலையைத் தேடுகிறவர்
மெதுவாகத்தான் நடக்க வேண்டும்;
ஓடினால் உச்சி தேயும், இடம் பிசகும்.
அதற்காகத்தான் பெட்டி கத்துகிறது.
ஆனால் இன்றைக்கு அலை எங்கிருந்தும் வரவில்லை.
அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிற டிராக்கிங் ஜெனரேட்டர்
அது காது வைக்கும் இடத்தில்
காது வைக்கும் அதே நொடியில்
குரல் கொடுத்தபடி கூடவே வருகிறது.
பக்கத்தில் துணை நடப்பது தெரியாமல்
தவறவிட்டாய் தவறவிட்டாய் என்கிறது பெட்டி.
மெனுவில் நாலு படி இறங்கி
துணை இருக்கிறது என்று சொன்னேன்.
வரி அணைந்தது.

சும்மா விட மனசில்லை.
ஸ்வீப்பை நாலு மடங்கு மெதுவாக்கி
பழைய கோட்டின் மேல் புதுக் கோட்டை ஓட விட்டேன்.
மயிரிழை விலகவில்லை.

இரண்டாவது
இன்னும் அற்பம்.
பூஜ்யத்திலிருந்து ஆரம்பி என்று
என்றைக்கோ யாரோ சேமித்து வைத்திருக்கிறார்கள்.
ஒன்பது கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே
இந்த ஜெனரேட்டருக்குத் தொண்டையே கிடையாது.
பூஜ்யத்தில் பாடு என்றால் அது என்ன செய்யும்?
ஆரம்பத்தை நூற்றைம்பது மெகாஹெர்ட்ஸுக்கு நகர்த்தினேன்.
திரை துடைத்த மாதிரி ஆனது.

அப்போதுதான் பயம் வந்தது.

இங்கே புதன்தோறும் பதினோரு மணிக்கு
ஆலைச் சங்கை ஊதிப் பார்ப்பார்கள்.
நான் வந்த முதல் புதன்
ஒற்றைச் செருப்போடு வாசல் வரை ஓடினேன்.
இப்போது கையிலிருக்கும் சுலைமானிகூடத் தளும்புவதில்லை.
புலி வருது கதையில்
பொய் சொன்ன பையனைத் திட்டுகிறோம்.
எழுந்து பார்ப்பதை நிறுத்தியவர்களை
ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஃபில்டரைக் கழற்றி வைத்தேன்.
கேபிளின் இரு முனையையும் பெட்டியிலேயே பூட்டி
வெளியீட்டை அதன் எல்லைக்கு மேல்
ஒவ்வொரு டெசிபலாக ஏற்றினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றிலும் வாய் திறக்கவில்லை.
கத்து, என்றேன் தமிழில்,
கத்தித் தொலை.
ஐந்தில் மஞ்சள் விழுந்தது:
மட்டம் குலைந்தது.
இந்த ஊரில் இவ்வளவு சந்தோஷமாக
நான் எந்த எச்சரிக்கையையும் வாசித்ததில்லை.

இறக்கினேன். போயிற்று.
ஃபில்டரைத் திரும்பப் பூட்டி அளந்தேன்.
மூன்றாவது குடுவை அரை டெசிபல் அதிகம் விழுங்குகிறது.
இது பொய்யில்லை,
இதற்கு மஞ்சள் எழுத்தும் வரவில்லை.
அதையும் தாளில் எழுதினேன்.

ஐந்துக்கு வந்த கல்ஃபான்
தாளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் போகாத
பசையின் சதுரத்தை
நகத்தால் சுரண்டினார்.

ரொடெல் ஒட்டியது, என்றேன்.

இல்லை, என்றார் நிதானமான ஹிந்தியில்,
நான்தான் ஒட்டினேன்.
அன்றைக்கும் ஒரு படகு காத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது குடுவையைப் பற்றிய வரியை
இரண்டு முறை படித்தார்.
வெளியே இழுவைப் படகு ஒன்று ஹாரன் அடித்தது.
நாங்கள் இருவரும் தலை நிமிர்த்தினோம்.

பேனா, என்று கையை நீட்டினார்.